சரவெடியின் ரத்தம்

தம்பிக்கு ஊசி என்றால் பயம் கிடையாது. ஊசி குத்தும்போது பேச்சை நிறுத்தச் சொன்னால்தான் அவனுக்குக் கஷ்டம். அக்கா வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம், சட்டைக் கையைச் சுருட்டும்போதே ஆரம்பித்துவிடுவான்: மூலையில் நிற்கும் ஃப்ரிட்ஜின் சத்தம் சரியில்லை, கம்ப்ரஸர் மூச்சு வாங்குகிறது, பின்பக்கத்துத் தூசியை யாராவது தட்டினால்தான் என்ன. அவன் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அங்கே இருக்கிற மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் மெஷின்களைத்தான் குசலம் விசாரிப்பான்.

"ரத்தம் குடுக்க வந்தியா, சர்வீஸ் பண்ண வந்தியாடா?" என்பாள் அக்கா.

"எது பண்ணாலும் அதே ஒரு டப்பா ஜூஸ்தான குடுக்கறீங்க."

அந்த ஆய்வகத்தில் ரத்தம் தருபவர்களின் பெயர்களைக் குழாயில் எழுதுவதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர். தம்பியின் பட்டப்பெயர் சரவெடி. அதை வைத்தவர் அக்காவுடன் வேலை பார்க்கும் வாத்தியார். அவரும் நிஜ வாத்தியார் இல்லை; எதைச் சொன்னாலும் திருத்துவார் என்பதால் வந்த பெயர்.

சரவெடி என்ற பெயர் எதற்கு என்று தெரிய வேண்டுமானால் அங்கே நடக்கும் வேலை கொஞ்சம் தெரிய வேண்டும். எடுத்த ரத்தத்தை ஒரு கனமான திரவத்தின் மேல் அலுங்காமல் ஊற்றி, மெஷினில் வைத்துச் சுற்றுவார்கள். சுற்றி எடுத்தால் ரத்தம் தானாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். சிவப்பணுக்கள் கனம் என்பதால் அடியில். உச்சியில் வெளிறிய மஞ்சளாகப் பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவில், பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய வெள்ளைப் பட்டை ஒன்று. அந்தப் பட்டைக்காகத்தான் இத்தனை பாடும். டி செல்கள் குடியிருப்பது அதில். மேலே இருக்கும் மஞ்சளை உறிஞ்சி பிளீச்சிங் கலந்த பாத்திரத்தில் விட்டுவிட்டு, பட்டையை மட்டும் எடுத்து, கழுவிக் கழுவிச் சுத்தம் செய்து, சின்னக் குழிகள் உள்ள தட்டில் பிரித்து விடுவார்கள். பிறகு ஒரு குழிக்குக் கிருமி நஞ்சு, பக்கத்துக் குழிக்கு வெறும் உப்புநீர்.

மற்றவர்களுடைய செல்களும் நஞ்சைக் கண்டால் பெருகத்தான் செய்யும். தம்பியின் செல்கள் பெருகுவதைப் பார்த்தால் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க மனம் வராது. குழி முழுக்கத் திராட்சைக் குலை குலையாகக் கட்டிக்கொண்டு, ஒன்று வெடித்தால் அடுத்தது, அது வெடித்தால் அதற்கடுத்தது. வாத்தியார் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "யாருடைய ரத்தம் இது, சரவெடி மாதிரி?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. வரைபடம் அழகாக வர வேண்டுமா, சரவெடியைக் கூப்பிடு. வெளியிலிருந்து யாராவது பார்க்க வருகிறார்களா, சரவெடியின் தட்டைக் காட்டு.

"அப்படி என்னதான் செய்யுது அந்த நஞ்சு?" என்று தம்பி ஒருநாள் கேட்டான்.

கேட்டால் போதும், அக்காவுக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன் உடம்புல கோடிக்கணக்கா டி செல் சுத்திக்கிட்டு இருக்குடா. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். ஒரு கிருமியோட ஒரு துண்டு. அதைத் தவிர எதைக் காட்டினாலும் சும்மா போயிடும். வேற ஒரு செல் இருக்கு, அது கிருமியைத் தின்னு, துண்டு துண்டாக்கி, ஒரு துண்டைக் கையில ஏந்திக்கிட்டு நிக்கும். டி செல்லுங்க வரிசையா வந்து மோந்து பாக்கும். என்னுது இல்லை, என்னுது இல்லைன்னு போய்க்கிட்டே இருக்கும். லட்சத்துல ஒண்ணு, இது என்னுதுன்னு நிக்கும். அது மட்டும் கிளம்பும்."

"சரி."

"இந்த நஞ்சு துண்டாகறதுக்கே காத்திருக்காது. கையில என்ன இருக்குன்னே பாக்க விடாது. அந்த செல்லையும் டி செல்லையும் வெளிப்பக்கமா, பக்கவாட்டுல, சேத்துப் பிடிச்சு ஒட்டிடும். டி செல்லுக்கு என்ன தோணும்? ஆஹா, என் துண்டு கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுக்கும். லட்சத்துல ஒண்ணு கிளம்ப வேண்டிய இடத்துல நூத்துக்குப் பத்து, இருபதுன்னு கிளம்பிடும்."

தம்பி கொஞ்ச நேரம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தான்.

"தெர்மோஸ்டாட்டுக்கு டைரக்ட் குடுக்கறோம்ல, அந்த மாதிரி."

"அது என்ன?"

"ஃப்ரிட்ஜுல உள்ள சூடா இருக்கா, குளிரா இருக்கான்னு பாத்துச் சொல்றது தெர்மோஸ்டாட். அது சொன்னாத்தான் கம்ப்ரஸர் ஓடும். அது போயிடுச்சுன்னா, சில பேர் சோம்பேறித்தனமா ரெண்டு ஒயரையும் வெளியிலயே முறுக்கி விட்டுடுவான். டைரக்ட். அப்புறம் உள்ள பனிக்கட்டி மலையா நின்னாலும் கம்ப்ரஸர் நிக்காது. ஓடிக்கிட்டே இருக்கும். ஓடி ஓடி எரிஞ்சு போற வரைக்கும்."

அக்கா அதற்குப் பிறகு யாருக்கு விளக்கினாலும் இந்த உதாரணத்தைத்தான் சொன்னாள். வாத்தியார்கூட அதைத் திருத்தவில்லை.

*

தம்பிக்கு மணிக்கட்டுக்கு மேலே சூடு பட்டது ஒரு ஏசியின் செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது. அது ஒரு விஷயமா? அந்தத் தொழிலில் சூடு படாத கை யாருக்கு இருக்கிறது. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். தண்ணீரிலும் எண்ணெயிலும் புழங்க வேண்டியிருந்ததால், தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒன்றை இறுக்கமாக ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அவனுடைய மனைவி பிளாஸ்திரியை மாற்றச் சொன்னபோது, "நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கறதை எதுக்குப் பிச்சுக்கிட்டு" என்றான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தம்பியின் மனைவி போன் செய்தாள்.

"அண்ணி, இவருக்கு நேத்துலேர்ந்து ஜுரம். வாந்தி வேற, வயித்தால வேற போகுது. சாப்பாடு ஒத்துக்கலைன்னு தெருமுனை டாக்டர் உப்புக்கரைசல் குடுத்தாரு. குறையலை. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

அக்கா மருத்துவர் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டு வேலைக்குப் போனால் போதும், உறவில் யாருக்குத் தலைவலி வந்தாலும் அவருக்குத்தான் போன் வரும். போனாள்.

தம்பி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வெயிலில் நாளெல்லாம் கிடந்தவன் போல முகம், கழுத்து, மார்பு எல்லாம் ஒரே சிவப்பு. அக்கா அவன் மார்பில் விரலை வைத்து அழுத்தினாள். அழுத்திய இடம் வெளுத்து, மெதுவாக மீண்டும் சிவந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதி ரத்தச் சிவப்பாக இருந்தது.

"வெயில்ல வேலை பாத்தியா?"

"குளோஸ் ரூம்ல. ஏசி வேலைதான்க்கா. ஏசி இல்லாத ரூம்ல" என்று சிரிக்கப் பார்த்தான். எழுந்து உட்கார முயன்றவன், கண்ணை இருட்டிக்கொண்டு வர, அப்படியே சுவரைப் பிடித்தான்.

அக்காவின் பார்வை அந்தக் கைக்குப் போனது. பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தாள். உள்ளே சீழ் இல்லை, வீக்கம் இல்லை, நாற்றம் இல்லை. வெளிர்ச் சிவப்பாக, ஈரமாக, ஆறப் போகிற புண் மாதிரிதான் இருந்தது.

"பாத்தீங்களா அண்ணி, புண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் தம்பியின் மனைவி.

புண் நன்றாக இருப்பதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. அவள் தட்டில் சொட்டு விடுகிற அதே நஞ்சைச் செய்கிற கிருமி ஒரு புண்ணில் குடியேறினால், அங்கே சீழ் வைக்க வருகிற செல்களைத் தள்ளியே நிறுத்திவிடும். வாசலில் கோலாகலம் எதுவும் இருக்காது. நஞ்சு மட்டும் ஓசைப்படாமல் ரத்தத்தில் இறங்கி உடம்பெல்லாம் போகும். பல பேருடைய மூக்கில் சும்மா குடியிருக்கிற சாதாரணக் கிருமி அது. காற்றுப் புகாத, ஈரமான, கதகதப்பான மூலை ஒன்று கிடைத்தால் போதும் அதற்கு.

"வண்டி கூப்பிடு ம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

*

தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் நெட்டையான மனிதர். பேசும்போது எல்லோரிடமும் கொஞ்சம் குனிந்துதான் பேசுவார். அக்கா புண்ணைப் பற்றிச் சொன்னதும், "நானும் அதைத்தான் நினைக்கறேன். நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி இல்லை டாக்டர். ஆராய்ச்சி. இந்த நஞ்சுலதான் வேலை பாக்கறேன்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அப்ப உங்ககிட்ட நான் எதையும் மூடி மறைச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

செய்ய வேண்டியதை எல்லாம் அவர் வேகமாகச் செய்தார். புண்ணைத் திறந்து கழுவினார்கள். இரண்டு மருந்துகள் ஏறின. ஒன்று கிருமியைக் கொல்வதற்கு, இன்னொன்று சாகிற வரைக்கும் அது நஞ்சைத் தயாரிக்காமல் தடுப்பதற்கு. சலைன் பைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் காலியாயின. ரத்த அழுத்தம் ஏறவில்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பிடிக்கும் மருந்தைத் தொடங்கினார்கள். ஏறுவது போல ஏறி, மறுபடி இறங்கியது.

வெளியே நீள பெஞ்சில் அக்காவும் தம்பியின் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம் ஒன்று இருந்தது. அதன் வழியாகத் தம்பியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவையும் சிவப்பாக, உப்பி இருந்தன.

"இவ்வளவு தண்ணி ஏத்தறாங்களே, எங்க போகுது அண்ணி?"

"குழாய்லேர்ந்து கசியுது ம்மா. டி செல்லுங்க கிளம்பினா சும்மா கிளம்பாது. மத்த செல்லுங்களைக் கூப்பிட ஒரு ரசாயனத்தை விடும். கொஞ்சமா விட்டா நல்லது. எந்த இடத்துல கிருமி இருக்கோ அந்த இடத்துல மட்டும் ரத்தக் குழாய் சுவர் இளகும், ஆளுங்க உள்ள போவாங்க, சண்டை போடுவாங்க, முடிஞ்சிடும். இப்ப ஒரே சமயத்துல எல்லாம் சேந்து கூப்பாடு போடுது. உடம்பு முழுக்கக் குழாய் இளகிடுச்சு. ஏத்தற தண்ணியெல்லாம் தசைக்குள்ள போகுது. குழாய்ல நிக்க மாட்டேங்குது. அதான் பிரஷர் இல்லை."

"அப்ப கிருமி அவரைக் கொல்லலையா?"

"கிருமி அந்தக் கை மேலதான் இருக்கு. ரத்தத்துல தேடினாக்கூடக் கிடைக்காது. இது அவனோட சொந்தப் படை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற மாதிரி."

சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது. அவளுக்கு விளக்கம் சொல்வதில் எப்போதும் ஒரு சுகம் உண்டு. இன்றைக்கு வாய் பழைய வேகத்திலேயே சொல்லிவிட்டது. சுகம் மட்டும் இல்லை.

தம்பியின் மனைவி கேட்கக் கூடாததைக் கேட்பது போலத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இத்தனை வருஷமா இதைத்தான படிச்சிக்கிட்டு இருக்கீங்க. இதுக்கு ஒரு மருந்து இல்லையா அண்ணி?"

"டாக்டர் குடுக்கறதுதான் ம்மா இருக்கு."

"உங்ககிட்ட?"

"நாங்க அது எப்படி நடக்குதுன்னு பாக்கறோம்" என்றாள் அக்கா.

அந்தப் பதில் பெஞ்சின் மேல், இருவருக்கும் நடுவில், யாரும் எடுத்துக்கொள்ளாத பொருள் போலக் கிடந்தது.

தட்டில் என்றால் எளிது. குழியில் செல்கள் அளவுக்கு மீறிக் கொதித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம். நஞ்சைக் கழுவிவிடலாம். பார்த்தது போதும் என்று ஃப்ரீசரில் வைக்கலாம். அந்தச் சிவந்த பாதங்களுக்கு மேலே இருக்கிற உடம்பில் இப்போது எந்தச் செல் எந்தச் செல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அடுத்து எந்த ரசாயனம் வெளியே வரும், அது ஈரலில் போய் என்ன செய்யும், சிறுநீரகத்தில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாது. தெரியாதவளால் கடவுளைக் கூப்பிட முடிந்தது. தெரிந்தவள் யாரைக் கூப்பிடுவது?

டாக்டர் வெளியே வந்தார். குனிந்தார்.

"இம்யூனோகுளோபுலின் குடுக்கப் போறோம். ஆயிரக்கணக்கான பேரோட பிளாஸ்மாவைச் சேத்துப் பிரிச்ச ஆன்டிபாடி. உங்களுக்குத் தெரியும். பெரியவங்க ஆனதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இந்த நஞ்சுக்கு ஆன்டிபாடி ரத்தத்துலேயே இருக்கும், இல்லையா? சின்ன வயசுலயே இந்தக் கிருமியோட பழகி வந்துடும். இவருக்கு எப்படி?" நெற்றியைத் தேய்த்தார். "உங்க லேபுக்கு ரத்தம் குடுப்பாருன்னு அவர் மனைவி சொன்னாங்க. எப்பவாவது பாத்திருக்கீங்களா, இவருக்கு ஆன்டிபாடி உண்டான்னு?"

அக்காவின் நினைவு மெஷினில் சுற்றி எடுத்த குழாய்களுக்குப் போனது.

ஆன்டிபாடி இருப்பது பிளாஸ்மாவில், உச்சியில் நிற்கும் அந்த மஞ்சளில். நஞ்சு செல்லைத் தொடும் முன்பே அதைப் பிடித்து முடக்கும் காவல் அது. டி செல்லை ஆராய்பவர்களுக்கு அது இடைஞ்சல். தட்டில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட நஞ்சு வேலை செய்யாது, சோதனை கெட்டுவிடும். அதனால்தான் அத்தனை கழுவல். கழுவிய செல்களுக்குத் தீனியாகக் கன்றுக்குட்டியின் சீரத்தை வாங்கி ஊற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும், கை பழகிய வேகத்தில், மஞ்சள் பிளீச்சிங் பாத்திரத்துக்குப் போகும். வாத்தியாரானாலும் அப்படித்தான், அவளானாலும் அப்படித்தான். அந்த அறையில் யாரும் வேறு மாதிரிச் செய்ததில்லை. ஒரே ஒரு குழியில், கன்றுக்குட்டி சீரத்துக்குப் பதிலாக அவரவர் பிளாஸ்மாவையே விட்டிருந்தால் போதும். மற்றவர்களின் செல்கள் அடங்கியிருக்கும். சரவெடியின் குழி மட்டும் வெடித்திருக்கும். அப்போது யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

"பாத்ததில்லை டாக்டர்" என்றாள்.

அவர் தலையாட்டினார். குற்றம் சொல்லவில்லை. "எப்படியும் குடுக்கத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்கா வாத்தியாரைப் போனில் அழைத்தாள். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியும்.

"சரவெடியோட பிளாஸ்மா எங்கயாவது வெச்சிருக்கோமா?"

"நாம எப்பவாவது பிளாஸ்மாவை வெச்சிருக்கோமா?" என்றார் வாத்தியார். "செல் இருக்கு. ஃப்ரீசர்ல நிறைய இருக்கு."

"செல்லு எனக்கு வேண்டாம்."

"தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "இம்யூனோகுளோபுலின் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு குழாய் எடுக்கச் சொல்லு. நானே வந்து வாங்கிட்டுப் போறேன். பக்கத்து லேப்ல ஆன்டிபாடி பாக்கறவங்க இருக்காங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லிடலாம்."

உண்டு என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. இருவருக்கும் அது தெரியும். வாத்தியார் எதையும் திருத்துபவர். அதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

வந்து வாங்கிக்கொண்டும் போனார். மத்தியானம் போன் செய்தபோது, "இல்லை" என்று மட்டும் சொன்னார்.

தம்பியின் மனைவி அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். "என்ன இல்லையாம்?"

அக்கா சொன்னாள். ஆன்டிபாடி என்றால் என்ன, அது எங்கே இருக்கும், அதை இத்தனை காலம் என்ன செய்தார்கள் என்பது வரைக்கும்.

"நீங்க வீட்டுக்கு வர்றப்பல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே" என்றாள் அவள் மெதுவாக. "உன் புருஷன் ரத்தம்தான் எங்க லேப்ல ஹீரோ, அந்த மாதிரி துள்ளற ரத்தம் வேற யாருக்கும் இல்லைன்னு. அதுக்கு அர்த்தம் இதுதானா?"

"பாதி இதுதான். அவன் செல்லோட அமைப்புலயே அந்த நஞ்சு நல்லா ஒட்டும். அது எங்களுக்குத் தெரியும். மீதிப் பாதியை நாங்க பாக்கவே இல்லை."

"பாத்திருந்தா?"

"அந்தப் பிளாஸ்திரியை ஒட்டாதடான்னு சொல்லியிருப்பேன்."

தம்பியின் மனைவி கோபப்பட்டிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை. அக்காவின் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, முதலில் அவளிடமே நீட்டினாள்.

அன்று முழுக்க அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளும். இனி உள்ளே போகிற ஆன்டிபாடி ரத்தத்தில் மிதக்கிற நஞ்சைப் பிடிக்கும். ஏற்கனவே கிளம்பிவிட்ட செல்லை அது திருப்பிக் கூப்பிடாது. அந்தக் கூட்டம் தானாகக் களைத்து விழ வேண்டும். கூட்டம் களைக்கிற வரைக்கும் தம்பியின் இதயமும் சிறுநீரகமும் தாக்குப்பிடிக்க வேண்டும். யார் முந்துவார்கள் என்பது ஓட்டப்பந்தயம். பார்வையாளர் பெஞ்சில் இரண்டு பெண்கள்.

டாக்டர் ஒருமுறை வெளியே வந்து, "சிறுநீர் சுத்தமா வரலை" என்றார். இன்னொரு முறை வந்து, "மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கோம்" என்றார். அக்காவிடம் அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. மறைத்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்கடுத்த நாள் காலையில், "ஒரு மருந்தைப் பாதியாக் குறைச்சிருக்கோம். பிரஷர் இறங்காம நிக்குது" என்றார். தம்பியின் மனைவி உடனே அழுதாள். அக்கா அழவில்லை. அது எதனால் நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மருந்தா, ஆன்டிபாடியா, செல்கள் களைத்தனவா, அவன் கட்டையின் உறுதியா? சோதனைத் தட்டில் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். தம்பி ஒருத்தன்தான் இருந்தான்.

*

பிழைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த சில நாட்களில் உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிய ஆரம்பித்தது. அது அந்த நோயின் வழக்கம். கையுறை கழற்றுவது போல முழு விரலுக்குத் தோல் கழன்று வந்தது.

"பாம்பு சட்டை உரிக்குது பாரு" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி துடைப்பத்தோடு பின்னாலேயே சுற்றினாள். பத்து கிலோ இளைத்திருந்தான். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றான். மற்றபடி வாய் அப்படியேதான் இருந்தது.

உடம்பில் ஏற்றிய பிறத்தியார் ஆன்டிபாடி மெல்ல மெல்லக் கரைந்துபோகும். அது முழுக்கக் கரைய வேண்டிய காலம் வரைக்கும் காத்திருந்து, அக்கா ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். வெள்ளைப் பட்டையைத் தொடவில்லை. மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டு தானே பக்கத்து லேபுக்கு நடந்தாள். இவ்வளவு பெரிய அடி வாங்கிய உடம்பு, அடித்தவனின் முகத்தை மறக்குமா? அம்மை வந்தவனுக்கு அம்மை மறுபடி வருவதில்லையே.

முடிவு இல்லை என்றே வந்தது.

அவளுக்கு அது புதிய செய்தி அல்ல. அப்படி நடப்பதுண்டு என்று படித்திருக்கிறாள், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறாள். ஆன்டிபாடி செய்கிற செல்லுக்கு, எதைச் செய்ய வேண்டும் என்று நின்று நிதானமாகச் சொல்லித்தர வேண்டியது டி செல். நஞ்சு அந்த டி செல்களைக் கூட்டமாகக் கிளப்பி, களைக்க வைத்து, கொன்றும் போடுகிறது. வகுப்பு நடத்த ஆள் இல்லை. உடம்பு சாவின் வாசல் வரைக்கும் போய் வருகிறது. ஒரு பாடமும் படிக்காமல் வருகிறது. தடுப்பூசி இன்னும் யாரிடமும் இல்லை. வேறொருத்தர் ரத்தம் என்றால் இதை எவ்வளவு ஆவலாகச் சொல்லியிருப்பாள்.

தம்பி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான். அவனுடைய பட்டறைக்கே போனாள். கதவு கழற்றிய ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு செம்புக் குழாயின் முனையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் கையுறை. மனைவியின் உத்தரவாம்.

"ரிசல்ட் வந்துதா?"

"வந்துடுச்சு. ஆன்டிபாடி வரலை."

"அப்படின்னா?"

"அந்த ஜுரம் மறுபடி வரலாம்."

தேய்ப்பது நின்றது. "எப்ப?"

"தெரியாது. வராமலும் போகலாம். நிறைய பேருக்கு வர்றதில்லை."

"வேலையை விட்டுடட்டுமா?"

"விட்டாலும், ஷேவ் பண்ணும்போது கீறிக்கிட்டாலும் போதும். காய் நறுக்கும்போது வெட்டினாலும் போதும். கிருமி உன் மூக்குலயே இருக்குடா. மருந்து தடவச் சொல்லியிருக்காங்கல்ல, தடவு. கொஞ்ச நாள் போகும், திரும்பி வரும், மறுபடி தடவணும்."

"அப்ப எதைத்தான் விடறது?"

அவன் அதை வேடிக்கையாகத்தான் கேட்டான். அக்கா யோசித்துப் பார்த்தாள். புண்ணை மூடி வைக்காதே, ஜுரம் வந்தால் காத்திருக்காதே, ஆஸ்பத்திரியில் இந்த நோயின் பெயரைச் சொல்லு. அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. அதை முன்பே சொல்லியாகிவிட்டது. அவன் மனைவி அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அவன் பர்ஸிலும் வைத்துவிட்டாள்.

"எதையும் விட வேண்டாம்" என்றாள்.

"நல்லதாப் போச்சு. இந்த ஃப்ரிட்ஜ்காரம்மா காலையிலேர்ந்து போன் பண்ணிக்கிட்டு இருக்கு." குழாயை இடுக்கியில் மாட்டி, கண்ணாடியை மூக்கின் மேல் இறக்கிக்கொண்டான். கையுறை ஒன்றைக் கழற்றி வியர்வையைத் துடைத்தபோது, அவனுடைய உள்ளங்கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக மின்னியது. மறுபடி மாட்டியதும் கையுறைக்குள் அது மறைந்தது. "தள்ளி நில்லுக்கா. தெறிக்கும்."

அக்கா தள்ளி நின்றாள். நீலச் சுடர் சீறிக்கொண்டு எழுந்தது. செம்பு கறுத்து, பிறகு பழுத்தது. அவன் சுடரைக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோனபோது, அவள் அந்தக் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.